பழநிக்குக் குடும்பத்தோடு நடை: கேளுங்கள், சொல்கிறேன்

மதுரை செல்லூரிலிருந்து பழநிக்கு 22 வருடமாக நடக்கிறேன். முதல் ஒன்பது வருடம் ஆம்பிளைகள் மட்டும் போனோம். அப்புறம் வீட்டுக்காரி, பிள்ளைகள், அக்கா குடும்பம் என்று கூட்டம் சேர்ந்துவிட்டது. குடும்பத்தோடு நடப்பது தனி வித்தை. தைப்பூசத்துக்கு நாள் நெருங்குவதால் கேள்விகள் குவிகின்றன, இன்று ஒரே மூச்சில் பதில் சொல்லிவிடுகிறேன். மதுரை டு பழநி மட்டும் கேளுங்கள். கேட்பவர்களைப் பெயருக்குப் பதில் ஊரை வைத்துக் குறிக்கிறேன்.

திருநகர்: அண்ணே, முதல் தடவை போகிறோம். நான், மனைவி, 9 வயது மகள், 62 வயது அம்மா. எவ்வளவு தூரம்? எத்தனை நாள் ஆகும்?

மதுரையிலிருந்து திண்டுக்கல் 60 கிலோமீட்டரும் கொஞ்சமும். அங்கிருந்து பழநி 60க்குக் கொஞ்சம் குறைவு. மொத்தம் 120 என்று வைத்துக்கொள்ளுங்கள். வாலிபப் பையன்கள் மூன்று நாளில் முடித்துவிட்டு நான்கு நாள் படுத்துக் கிடப்பார்கள். உங்கள் வீட்டில் வேகத்தை முடிவு செய்வது அம்மாவின் முழங்கால். அதனால் ஆறு இரவு என்று திட்டம் போடுங்கள்.

எங்கள் கணக்கு இது. முதல் நாள் பரவை, சமயநல்லூர் வழியாக வாடிப்பட்டி. இரண்டாம் நாள் கொடைரோடு வரைக்கும்தான். தூரத்தை வேண்டுமென்றே குறைத்திருக்கிறோம். முதல் நாள் உற்சாகத்தில் நடந்தவர்கள் இரண்டாம் நாள் காலையில் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் போவார்கள். அந்த ஒரு நாளைத் தாண்டிவிட்டால் உடம்பு வழிக்கு வந்துவிடும். மூன்றாம் நாள் சின்னாளபட்டி தாண்டி திண்டுக்கல். நான்காம் நாள் ரெட்டியார்சத்திரம் தாண்டி எங்கே நல்ல பந்தல் இருக்கிறதோ அங்கே. ஐந்தாம் நாள் ஒட்டன்சத்திரம். ஆறாம் நாள் விருப்பாட்சி வழியாக சத்திரப்பட்டி. ஏழாம் நாள் ஆயக்குடியைத் தாண்டினால் மலை கண்ணில் படும். அதற்கப்புறம் பிள்ளைகளைப் பிடித்து நிறுத்துவதுதான் கஷ்டம்.

காலை ஐந்து மணிக்குக் கிளம்புங்கள், பத்துக்குள் நிறுத்துங்கள். தை மாதம்தானே என்று நினைக்காதீர்கள், பதினொரு மணித் தார்ரோடு சுடும். மாலை நான்கிலிருந்து இருட்டும் வரை இன்னொரு நடை. மூட்டை முடிச்சுக்கு நாலைந்து குடும்பம் சேர்ந்து ஒரு குட்டியானை வண்டி பேசிக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு முடியாதபோது முன்சீட்டில் உட்காரவும் இடம் இருக்கும்.

இன்னொன்று. ஒவ்வொருவர் முதுகிலும் பையிலும் ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். இதை இன்று பல தடவை சொல்வேன்.

வில்லாபுரம்: மொத்தம் எத்தனை கிலோமீட்டர் வரும் சார்?

மேலே இருக்கிறது.

கூடல்நகர்: நத்தம் வழியாகப் போனால் கூட்டம் குறைவு என்கிறார்களே?

நத்தம் வழி செட்டிநாட்டுக்காரர்கள் பாதை. நகரத்தார் குன்றக்குடியிலிருந்து ரத்தின வேலோடும் காவடிகளோடும் சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாக வருவார்கள். தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. போனதோடு முடியாது, ஊருக்குத் திரும்புவதும் நடைதான். நாமெல்லாம் தரிசனம் முடிந்ததும் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுகிற ஆட்கள். மதுரையிலிருந்து நத்தம் போய்ச் சுற்றினால் தூரம் கூடும். திண்டுக்கல்லுக்கு அப்புறம் எல்லாரும் ஒரே ரோடுதான், கூட்டமும் ஒரே கூட்டம்தான்.

அண்ணாநகர்: அண்ணா, வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். பெண்களுக்குக் கழிவறை வசதி எப்படி?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான் தங்கச்சி. வழியில் இடம் கிடைக்காது என்று பெண்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் நடக்கிறார்கள். மத்தியானம் தலைசுற்றல், மறுநாள் நீர்க்கடுப்பு. எங்கள் அக்கா இரண்டு வருடம் இப்படித்தான் கொடைரோட்டிலிருந்து பஸ் ஏறினாள். எதனால் என்று மூன்றாம் வருடம்தான் வாயைத் திறந்து சொன்னாள். வெட்கப்பட வேண்டியது நாங்கள்.

அதற்கப்புறம் நாங்கள் இடைநிறுத்தத்தைச் சாப்பாட்டை வைத்து முடிவு செய்வதில்லை. எங்கே பெட்ரோல் பங்க், எங்கே கல்யாண மண்டபம் என்று பார்த்து வைத்திருக்கிறோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று வருகிற மாதிரி. பங்க்கில் சாவி கேட்பதற்கு ஒரு பெரியம்மாவை முன்னால் அனுப்புங்கள், மறுக்க மாட்டார்கள். வண்டியில் இரண்டு பழைய சேலையும் நான்கு கம்பும் இருக்கட்டும். ரோட்டை விட்டு உள்ளே தள்ளி மறைப்புக் கட்ட ஐந்து நிமிடம் போதும். தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள்.

ஆரப்பாளையம்: பூசத்தன்றே சாமி பார்க்க வேண்டும். நடுராத்திரியில் நடந்தால் வெயில் இல்லாமல் சீக்கிரம் போய்விடலாமே?

வேண்டாம். திண்டுக்கல் வரை நான்கு வழிச்சாலை, வண்டிகள் பறக்கும். ஒரு வருடம் ராத்திரி இரண்டு மணிக்கு என் மச்சான் கறுப்புப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓரமாகத்தான் நடந்தான். பின்னால் வந்த லாரியின் கண்ணாடி பையை மட்டும் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போனது. ஒரு சாண் தள்ளி வந்திருந்தால்? பைக்குள் இருந்த விபூதிப் பொட்டலம் வெடித்து ரோடெல்லாம் வெள்ளை. அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான், விடியும் வரை எழுந்திருக்கவில்லை. சர்வீஸ் ரோடு உள்ள இடத்தில் அதில் நடங்கள். இல்லாத இடத்தில், வருகிற வண்டி உங்கள் கண்ணுக்கு எதிரே தெரிகிற பக்கம் நடங்கள். ஒருவர் பின் ஒருவராக. ஸ்டிக்கர்.

கைக்குழந்தை, வயசாளிகளோடு பூசத்தன்றே ஏறித்தான் ஆக வேண்டும் என்று நிற்காதீர்கள். பழநி ஊருக்குள் இருக்கிற பெரியநாயகி அம்மன் கோவிலில் கொடி ஏறியதிலிருந்து பத்து நாளும் திருவிழாதான். இரண்டு மூன்று நாள் முன்னால் போய்ச் சேர்ந்தாலும் முருகன் அதே முருகன்தான்.

மேலூர்: ஒரு அடிப்படை விஷயம். செருப்பு, ஷூ போட்டு நடந்தால் அது வாக்கிங். யாத்திரை என்றால் வெறுங்கால்தான். இதைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

தெளிவாகவே சொல்கிறேன். நான் வெறுங்காலில்தான் நடக்கிறேன். என் பெரியப்பா செருப்புப் போட்டுத்தான் நடந்தார், நான்தான் போட வைத்தேன். அவருக்கு 15 வருடச் சர்க்கரை. அதற்கு முன் வெறுங்காலில் வந்த ஒரு தை மாதம் ஒட்டன்சத்திரத்தில் கால் கழுவும்போது பார்த்தால், குதிகாலில் கருவேல முள் முழுசாக ஏறி நிற்கிறது. காலையிலிருந்து அதன் மேலேதான் நடந்திருக்கிறார். வலிக்கவில்லையா என்றால், "எங்கேடா முள்ளு?" என்கிறார். ஆறின பாடு பெரும்பாடு, விரல் தப்பியதே புண்ணியம்.

சர்க்கரை உள்ளவர்கள் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். கண்ணை மூடச் சொல்லி, இரண்டு காலிலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனியை விரலால் லேசாகத் தொடுங்கள். அழுத்தக் கூடாது. எந்த விரல் என்று சொல்லத் தெரியவில்லை என்றால் வெறுங்கால் வேண்டாம், டாக்டரைப் பாருங்கள். சரியாகச் சொல்லிவிட்டாலும் கிளம்பும் முன் டாக்டரிடம் மாத்திரை, இன்சுலின் அளவைக் கேட்டுக்கொள்வது நல்லது. நாள் முழுக்க நடந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கும். கை நடுக்கம், குப்பென்று வியர்வை வந்தால் உடனே சர்க்கரையோ குளுக்கோஸோ வாயில் போட வேண்டும். அது வண்டியில் இருந்தால் பிரயோஜனம் இல்லை, சட்டைப் பையில் இருக்க வேண்டும்.

மேலூர்: நோயாளிக்கு விலக்கு, ஒத்துக்கொள்கிறேன். நல்ல உடம்புக்காரர்கள் ஏன் ஷூ? இடும்பன் ஷூ போட்டா மலையைத் தூக்கினான்?

சோழவந்தான்: இடும்பன் சிவகிரி, சக்திகிரி இரண்டு மலையைத் தூக்கினான். நீங்கள் தண்ணிப் பாட்டிலையே வண்டியில் போட்டுவிட்டு வருகிற ஆள்.

மேலூர்: நான் பால்காவடி எடுக்கிறவன். தெரியாமல் பேசாதீர்கள்.

அண்ணாநகர்: என் மாமியார் நாற்பது வருடம் வெறுங்காலில் நடந்தவர். இப்போது முழங்கால் தேய்ந்து ஷூ போடுகிறார். அவரிடம் போய் வாக்கிங் என்று சொல்லிப் பாருங்களேன்.

பெத்தானியாபுரம்: காவடி, மாலை எல்லாம் சரி. விரதம் 48 நாளா, 21 நாளா?

கொஞ்சம் பொறுங்கள். பெத்தானியாபுரம் தம்பி, உங்கள் வீட்டு வழக்கம் எதுவோ அது. பெரியவர்களைக் கேளுங்கள்.

மேலூர்க்காரரே, இடும்பன் காலில் என்ன இருந்தது என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. அவன் தூக்கியது காவடியாயிற்று என்பதுதான் கதை. வெறுங்கால் என்பது நீங்கள் முருகனுக்குச் சொன்ன வாக்கு, அதைக் காப்பாற்றுங்கள். பக்கத்தில் நடக்கிறவர் என்ன வாக்குச் சொன்னார் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. செருப்புப் போட்டு வந்தவர்களும் அடிவாரத்தில் கழற்றித்தான் ஆக வேண்டும். 693 படியும் வெறுங்கால்தான். அங்கே எல்லாரும் ஒன்று. செருப்புச் சண்டை இத்தோடு முடிந்தது, இனி பதில் கிடையாது.

தெப்பக்குளம்: புது ஷூ வாங்கிவிட்டேன். எத்தனை நாள் முன்னால் போட்டுப் பழக வேண்டும்?

முடிந்தது என்று இப்போதுதான் சொன்னேன். சரி, இது வேறு கேள்வி. ஒரு மாதம். முடியவில்லை என்றால் பழைய செருப்போடு வாருங்கள். உரசலோடு ஈரமும் சேர்ந்தால் கொப்புளம் சீக்கிரம் வரும், அதனால் சாக்ஸ் இரண்டு ஜோடி எடுத்து, நனைந்தவுடன் மாற்றுங்கள். கொப்புளத்தைக் கிள்ளி எடுக்காதீர்கள், மேல்தோல்தான் அதற்கு மருந்து. தொடை உரசலுக்குத் தேங்காய் எண்ணெய் அல்லது வாசலின், எரிச்சல் ஆரம்பிக்கும் முன்பே தடவ வேண்டும்.

கோரிப்பாளையம்: சதுரகிரிக்குக் குழந்தைகளைக் கூட்டிப் போகலாமா?

அது காட்டுப்பாதை, வனத்துறை அனுமதி கொடுக்கிற நாளில் மட்டும்தான் ஏற்றம். மழை பெய்தால் ஓடையில் திடீரென வெள்ளம் வரும், 2015இல் உயிர்ப்பலியே ஆகியிருக்கிறது. மேற்கொண்டு அந்தப் பாதைக்காரர்களிடம் கேளுங்கள்.

பழங்காநத்தம்: இவ்வளவு தூரம் நடந்துவிட்டு வின்ச்சில் (மலைமேல் இழுத்துப் போகிற ரயில் பெட்டியில்) ஏறினால் பலன் போய்விடுமா?

அம்மா அப்பாவை ஏற்றிவிடுங்கள், நீங்கள் படியில் போங்கள். வின்ச் 1966இலிருந்து, ரோப் கார் 2004இலிருந்து ஓடுகிறது. இன்னும் பலன் போச்சா என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். படி செங்குத்தாகத் தெரிந்தால் யானைப்பாதை இருக்கிறது, சுற்றிப் போகும், ஏற்றம் சுலபம். போனைக் கீழேயே கொடுத்துவிடுங்கள். 2023 அக்டோபரிலிருந்து மேலே அனுமதி இல்லை. குடும்பம் கூட்டத்தில் பிரிந்தால் எங்கே சேர வேண்டும் என்று ஏறும் முன்பே பேசி வையுங்கள். பிள்ளைகள் சட்டைப் பையில் உங்கள் நம்பர் எழுதிய சீட்டு இருக்கட்டும்.

சிம்மக்கல்: வீட்டில் பஞ்சாமிர்தம் செய்தால் தண்ணீராகப் போய்விடுகிறது. ஏன்?

ஆகா, இதற்காகத்தான் காத்திருந்தேன். நீங்கள் போட்டது எந்தப் பழம்? பூவனோ ரஸ்தாளியோ போட்டிருப்பீர்கள். பழநியில் சேர்வது விருப்பாட்சி மலைவாழை. சின்னப் பழம், நீர்ப்பதம் குறைவு, பிசைந்தால் மாவு மாதிரி நிற்கும். நம் பக்கம் கிடைக்கிற சிறுமலைப் பழமும் பரவாயில்லை. தோல் கறுக்கும் வரை விட்டுவைத்துப் பிசைய வேண்டும். அதோடு நாட்டுச் சர்க்கரை, பேரீச்சை, கல்கண்டு, தேன், நெய், ஏலக்காய். ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாது, கையிலும் ஈரம் கூடாது. 2019இல் இந்தப் பஞ்சாமிர்தத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

எடப்பாடிக்காரர்கள் பூசம் முடிந்து வருவார்கள் பாருங்கள், டன் கணக்கில் பிசைவார்கள். மலைமேல் ஓர் இரவு தங்குகிற உரிமை அவர்களுக்கு மட்டும்தான். ஒரு தடவை நாங்கள் தாமதமாகப் போய் மாட்டினோம், அந்த வாசனையிலேயே என் சின்னவன் பசிக்கிறது என்று அழுதான்.

அந்தப் பழத்துக்குப் பெயர் கொடுத்த விருப்பாட்சி உங்கள் நடைப்பாதையிலேயே வருகிறது. வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் கொடுத்த கோபால நாயக்கரின் ஊர். பிள்ளைகளுக்கு அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே நடங்கள், இரண்டு கிலோமீட்டர் தெரியாமல் ஓடிவிடும்.

தத்தனேரி: மதுரையிலிருந்து எத்தனை கி.மீ. இருக்கும்?

தம்பி, ஏறிப் போய்ப் படித்துப் பாருங்கள்.

விளாங்குடி: எங்கள் குழுவில் எல்லாரும் கறுப்பு டிஷர்ட் அடிக்கலாம் என்று முடிவு...

மச்சான் பையும் கறுப்புதான். வேறு நிறம் அடியுங்கள், ஸ்டிக்கரும் ஒட்டுங்கள்.

திருநகர்: அண்ணே, மறுபடியும் நான்தான். அம்மா நடந்தே தீருவேன் என்கிறார். முடியுமா முடியாதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இந்த ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் அழகர்கோவில் போங்கள். கள்ளழகரைக் கும்பிட்டுவிட்டு, அடிவாரத்திலிருந்து பழமுதிர்ச்சோலை வழியாக நூபுர கங்கை வரை நடந்து ஏறுங்கள். ராக்காயி அம்மனைப் பார்த்துவிட்டு நடந்தே இறங்குங்கள். ஏறும்போது மூச்சைக் கவனியுங்கள், பேசிக்கொண்டே நடக்க முடிகிறதா என்று. இறங்கும்போது முழங்காலைக் கவனியுங்கள். அன்றைக்கு எதுவும் முடிவு செய்ய வேண்டாம். திங்கட்கிழமை காலையில் அம்மா பாயிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்தாரா, படுத்தே கிடந்தாரா, அதைப் பார்த்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள். அங்கே கையில் பழப்பை மட்டும் தொங்கவிடாதீர்கள், குரங்கு பிடுங்கிவிடும்.