நெஞ்சு படபடக்குது, ஈ.சி.ஜி. சரியாம்: சில கேள்விகள், சில பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் 'பயம்' என்ற சொல்லை எழுதியிருந்தவர் ஒருவர்தான். மற்றவர்கள் நெஞ்சு, வயிறு, நித்திரை என்றுதான் தொடங்கியிருக்கிறார்கள். கிளினிக்கிலும் அப்படித்தான். பதகளிப்பு நோய், அதாவது பயமும் பதற்றமும் அளவுக்கு மீறி வாட்டும் நோய் (anxiety), முதலில் உடம்பின் வழியாகத்தான் கதைக்கும்.

பரந்தனிலிருந்து, 38 வயதுப் பெண்: திடீரென்று நெஞ்சு அடிக்கத் தொடங்கும். கை விறைக்கும், மூச்சு எடுக்க ஏலாது, செத்துப்போவேன் போலிருக்கும். மூன்று தரம் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஈ.சி.ஜி. எடுத்துவிட்டு 'ஒன்றுமில்லை' என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டில் நான் நடிக்கிறேனாம்.

நடிப்பு இல்லை அம்மா. இருதயத்தில் ஒன்றுமில்லை என்பதைத்தான் சுருக்கி 'ஒன்றுமில்லை' என்றிருக்கிறார்கள். அந்தச் சுருக்கம்தான் உங்களை வீட்டில் மாட்டிவிட்டிருக்கிறது.

கிணற்றடியில் பாம்பைக் கண்டால் உடம்பு என்ன செய்யும்? அட்ரினலின் சுரக்கும், நெஞ்சு வேகமாக அடிக்கும், மூச்சு வேகம் பிடிக்கும், வயிறு பிசையும். ஓடுவதற்கான ஆயத்தம் அது. உங்களுக்குப் பாம்பு இல்லாமலே அதே ஆயத்தம் நடக்கிறது. தேவைக்கு மேல் வேகமாக மூச்சு விடும்போது இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறையும். விரல் விறைப்பதும், வாயைச் சுற்றிக் குறுகுறுப்பதும், தலை சுற்றுவதும் அதனால்தான். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், அரை மணித்தியாலத்துக்குள் தணிந்துவிடும். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போதே உங்களுக்குப் பாதி சுகமாகியிருந்திருக்குமே?

ஒரு அம்மா ஏழு ஈ.சி.ஜி. தாள்களைச் சொப்பிங் பையில் மடித்து வைத்துக்கொண்டு வந்தார். ஒவ்வொன்றாக விரித்து, "இதில் ஒரு கோடு கோணலாக இருக்குத்தானே டொக்டர்?" என்று காட்டினார். அவரை முடக்கியது அந்தப் படபடப்புத் தாக்கம் அல்ல, அடுத்தது எப்போது வரும் என்ற காவல். சந்தைக்குப் போவதை நிறுத்தினார், பஸ்ஸில் கதவடி சீற் இல்லையென்றால் ஏறமாட்டார், கடைசியில் வீட்டில் தனியே இருக்கவும் பயம். எந்த இடத்தைத் தவிர்க்கிறோமோ அந்த இடம் இன்னும் பயங்கரமாகிக்கொண்டே போகும். ஆகவே சிகிச்சையின் முக்கிய பகுதி, படிப்படியாகத் திரும்பப் போவது. முதல் நாள் ஒரு தரிப்பிடம் வரை, பிறகு இரண்டு. நடுவில் படபடப்பு வந்தால் இறங்கி ஓடாமல், மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விட்டபடி அது தணியும் வரை இருக்க வேண்டும். இதை அறிகை நடத்தைச் சிகிச்சை என்கிறோம். தேவையானால் குளிசையும் சேரும்.

இரண்டு விஷயம். தைரொயிட் அதிகம் சுரந்தாலும், இரத்தசோகை இருந்தாலும் நெஞ்சு படபடக்கும். ஒருமுறை இரத்தம் சோதியுங்கள். நாளுக்கு ஆறேழு சாயம் கடுத்த பிளேன்ரீ குடிப்பவரானால் அதையும் குறையுங்கள். மற்றது, நடக்கும்போது நெஞ்சு இறுகி, நின்றால் குறைகிற நோ என்றால் அது வேறு கதை, இருதயக் கோளாறாக இருக்கலாம். அதுவும் சீனி, பிரஷர் உள்ளவர்கள் 'பதகளிப்புத்தான்' என்று தாங்களே முடிவு கட்டக் கூடாது.

புதுக்குடியிருப்பிலிருந்து, ஒரு தம்பி: 2009இல் எனக்கு 11 வயது. போன மாதம் ஒரு கலியாண வீட்டில் ட்ரோன் கமரா பறந்தது. நான் மேசைக்குக் கீழே போனது எனக்கே தெரியாது. எல்லாரும் சிரித்தார்கள்.

போர்க்காலத்தில் 'வண்டு' என்று நாங்கள் சொன்ன வேவு விமானம் சுற்றும்போது அடுத்து என்ன வரும் என்று 11 வயதில் உங்கள் காது படித்துக்கொண்டது. அந்தப் பாடம்தான் அன்று உங்களைப் பங்கருக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது. காதுக்குக் கலண்டர் தெரியாது, அவ்வளவுதான்.

ஒரு சத்தத்துக்குத் திடுக்கிடுவது மட்டும் நோய் ஆகாது. கனவு, கண்முன் திரும்ப நடப்பது போன்ற காட்சி, அந்த இடங்களைத் தவிர்ப்பது, மனம் மரத்துப்போவது, எப்போதும் விழிப்பாக இருப்பது ஆகியவை சேர்ந்து ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, வேலையையும் வீட்டையும் குழப்பினால் அதை நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் (PTSD) என்கிறோம். முன்பு பதகளிப்பு நோய்களோடு சேர்த்திருந்தார்கள். 2013இல் அமெரிக்க மனநோய் வகைப்பாடு அதைத் தனிப் பிரிவாக்கியது. சிகிச்சையில் பாதுகாப்பான ஒருவரோடு, உங்கள் வேகத்தில் அந்த நினைவைத் தொட்டுப் பழகுவீர்கள். ஒரே இருப்பில் எல்லாவற்றையும் கொட்டச் சொல்லி யாராவது வற்புறுத்தினால் எழும்பி வந்துவிடுங்கள். நித்திரைக்காகக் கொஞ்சம் குடிக்கிறேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். சாராயம் நித்திரையைத் தருவதுபோலத் தந்து விடியப்புறம் எழுப்பிவிடும், பயத்தையும் கூட்டும். வன்னியில் இந்தக் கணக்கில் கடன்பட்டவர்கள் கனபேர்.

மல்லாவியிலிருந்து, ஒரு தகப்பன்: மகள் ஏ.எல். படிக்கிறாள். கெட்டிக்காரி. வகுப்பில் எழும்பிப் பதில் சொல்ல வேண்டிய நாட்களில் காலையில் வயிற்றுக்குத்து. கூச்ச சுபாவம்தானே, கலியாணம் கட்டினால் சரியாகிவிடும் என்கிறார் என் தாய்.

பாட்டிக்கு வணக்கம், ஆனால் கலியாணம் இதற்கு மருந்தில்லை. கூச்சம் உள்ள பிள்ளை தயங்கித் தயங்கியும் போகும். 'எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள், பிழைத்தால் சிரிப்பார்கள்' என்று பாடசாலையையே விட நினைத்தால் அது சமூகப் பதகளிப்பு. பெரும்பாலும் பதின்ம வயதில் தொடங்கும். நீங்கள் பாவம் பார்த்து வீட்டில் நிற்பாட்டும் ஒவ்வொரு நாளும் அடுத்த நாளைக் கடினமாக்குகிறது. வகுப்பாசிரியரோடு கதையுங்கள்: முதலில் இருந்தபடியே ஒரு வரி வாசிக்கட்டும், பிறகு எழும்பி ஒரு வரி. அடிப்பதும் ஏசுவதும் உதவாது.

ஒட்டுசுட்டானிலிருந்து, ஒரு விவசாயி: இரவில் யானை வரும் என்று நித்திரையே இல்லை. எனக்கும் இந்த நோயோ?

யானை உண்மையாகவே வருகிறதா? வருகிறதென்றால் உங்களுக்குத் தேவை வேலியும் வெடியும், டொக்டர் இல்லை ஐயா. வெள்ளாமை வெட்டி நெல் வீட்டுக்கு வந்த பிறகும், பிள்ளையின் படிப்பு, லோன், மழை என்று ஒன்று மாறி ஒன்று யோசித்து, கழுத்து இறுகி, ஆறு மாதமாகப் பெரும்பாலான நாட்கள் அப்படியே போனால் வாருங்கள்.

கேள்வி: இது பரம்பரையா? நூல் கட்டினால் போகுமா?

குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கு வரும் சாத்தியம் கொஞ்சம் கூட. அதற்காக எல்லாருக்கும் வராது. பிறவிச் சுபாவம், பட்ட பாடுகள், நடப்புக் கஷ்டம் எல்லாம் சேர்ந்துதான் நோய். நூல் கட்டுங்கள், வற்றாப்பளை அம்மன் கோவிலுக்கும் போய் வாருங்கள், மனம் ஆறினால் நல்லதுதானே. குளிசையை நிறுத்தச் சொல்லும் பூசாரியிடம் மட்டும் போகாதீர்கள்.

மாங்குளத்திலிருந்து: பக்கத்து வீட்டு அக்கா தந்த டயசிபாம் குடித்தேன், அருமையான நித்திரை. எனக்குக் கிளினிக்கில் தந்த செற்றலின் என்ற பதகளிப்புக் குளிசை ஒரு கிழமையாகியும் கேட்கவில்லை. மாற்றலாமா?

மாற்றாதீர்கள். டயசிபாம் அன்றைக்கே கேட்கும். ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. சில கிழமைகளிலேயே உடம்பு அதற்குப் பழகிவிடும், பிறகு அது இல்லாமல் நித்திரை வராது. சாராயத்தோடு சேர்ந்தால் மூச்சையே அடக்கிவிடும். செற்றலின் வேலைசெய்யத் தொடங்க இரண்டு முதல் நான்கு கிழமை எடுக்கும், சிலருக்கு அதற்கும் மேல். முதல் நாட்களில் வயிற்றுப்பிரட்டலும் கொஞ்சம் கூடுதல் படபடப்பும் வரலாம். இந்த இடத்தில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அதற்கு அடிமையாக்கும் குணம் இல்லை, ஆனால் சட்டென்று நிறுத்தவும் கூடாது. சுகமான பிறகும் ஆறு மாதமாவது தொடர்வது வழக்கம். சாக எண்ணம் வந்தால் தவணைத் திகதிக்குக் காத்திராமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நடு இரவென்றால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926க்கு எடுக்கலாம், தமிழில் கதைக்கலாம். இந்தக் கிழமை கிளினிக் போகும்போது அக்கா தந்த மிச்சக் குளிசைகளையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஏசமாட்டார்கள்.