‘கேஸ் வந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று கடைக்காரர் சொன்னால் போதுமா?

கேள்வி: மதுரை திருநகரில் சிறிய அளவில் வீடியோ தயாரிப்பு நிறுவனம் நடத்துகிறேன். கீழமாசி வீதியில் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கும் ஒருவர், தாம் தயாரிக்கும் மூலிகைப் பொடிக்கு 40 விநாடி விளம்பரம் கேட்கிறார். ‘சர்க்கரை நோய் வேரோடு போகும்’ என்ற வாசகம், மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் பூ கட்டும் பாட்டி ஒருவர் பொடியால் குணமடைந்ததாகச் சொல்லும் காட்சி, பின்னணியில் பழைய சினிமாப் பாட்டு எல்லாம் வேண்டுமாம். முன்பணம் வாங்கிவிட்டேன். ‘கேஸ் வந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்கிறார். எடுத்துக் கொடுக்கலாமா?

பதில்: அந்த வாசகத்தோடு எடுத்துக் கொடுக்க வேண்டாம். சரக்கும் அவருடையது, பேச்சும் அவருடையது, கேமரா மட்டும்தான் நம்முடையது என்ற எண்ணம் இத்தொழிலில் பலருக்கும் உண்டு. 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம் அப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை. அட்டவணையிலுள்ள நோய்களுக்கான மருந்து விளம்பரத்தை வெளியிடுவதில் யாரும் எவ்விதப் பங்கும் எடுக்கக் கூடாது என்கிறது அதன் 3-ஆவது பிரிவு. அட்டவணையில் 54 இனங்கள் உள்ளன. சர்க்கரை நோய் அவற்றுள் ஒன்று. முதல் முறை குற்றம் உறுதியானால் 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை என்றால் ஓராண்டு வரை. படம்பிடித்துத் தொகுத்துக் கொடுத்தவர் இந்தப் ‘பங்கு’க்கு வெளியே நிற்கிறார் என்று நீதிமன்றத்தில் வாதாடுவது கடினம்.

‘குணமாகும்’ என்பதைக் ‘கட்டுப்படும்’ என்று மாற்றிக்கொள்ளலாம் என்று கடைக்காரர் அடுத்துச் சொல்லக்கூடும். அதுவும் செல்லாது; தணித்தல், தடுத்தல் என்பவையும் அதே பிரிவில் அடங்கியுள்ளன. ‘இது மருந்தே அல்ல, உணவுப் பொருள்’ என்றால், 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் காத்திருக்கிறது. தவறான விளம்பரத்தை வெளியிடுபவருக்கு மட்டுமன்றி, அந்த வெளியீட்டில் சம்பந்தப்பட்டவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்க அதன் 53-ஆவது பிரிவு இடம் தருகிறது. ‘கேஸ் வந்தால் இழப்பை நான் ஏற்கிறேன்’ என்று கடைக்காரர் எழுதிக் கொடுக்கும் பொறுப்புறுதிப் பத்திரம் உங்கள் இருவருக்குமிடையே பண இழப்பை ஈடுசெய்ய உதவலாம். குற்ற வழக்கில் உங்கள் இடத்தில் அவர் போய் நிற்க முடியாது.

பாட்டி வரும் காட்சிதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. பொடியைத் தொட்டே பாராத ஒருவரை, குணமடைந்ததாகப் பேச வைப்பது சட்டத்தைப் பார்ப்பதற்கு முன்பே பொய். 2022-இல் வெளியான தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டுதல்கள், பரிந்துரை என்பது பரிந்துரைப்பவரின் உண்மையான கருத்தாகவும், பொருளைப் பற்றிய போதிய தகவலோ அனுபவமோ கொண்டதாகவும் இருக்க வேண்டும் என்கின்றன. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொய்யான பரிந்துரைக்கு 10 லட்சம் ரூபாய் வரை தண்டம் உண்டு. கதம்பம் கட்டிக்கொண்டிருந்த மூதாட்டியை, ஒரு நாள் கூலிக்கு இணையான தொகையைக் கையில் கொடுத்து, அவருக்கே தெரியாமல் அந்தச் சட்டத்தின் எல்லைக்குள் இழுத்துவிடுவது எந்த வகையில் நியாயம்?

பொடியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் அவர் பூ கட்டுவதை மட்டும் அழகுக்காகக் காட்டுவதானாலும் சம்மதம் வேண்டும். ஒருவரின் பெயரையோ உருவத்தையோ அவர் இசைவின்றி விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது அந்தரங்க உரிமையை மீறுவதாகும் என்று, ‘ஆட்டோ சங்கர் வழக்கு’ என அறியப்படும் 1994-ஆம் ஆண்டுத் தீர்ப்பிலேயே உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. சம்மதப் படிவம் தமிழில் இருக்கட்டும். என்ன பொருளின் விளம்பரம், டிவியிலா யூடியூபிலா கடைவாசல் பேனரிலா, எத்தனை காலத்துக்கு, எவ்வளவு தொகை என்பவற்றை எழுதி, படிக்கத் தெரியாதவரானால் அவர் வீட்டார் ஒருவர் முன்னிலையில் வாசித்துக் காட்டிய பிறகே கைநாட்டு வாங்குங்கள். சந்தை வியாபாரம் சூடுபிடித்திருக்கும் விடியற்காலையில் ‘இதில் ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா’ என்று காகிதத்தை நீட்டி வாங்குவதைச் சம்மதம் என்று நான் கொள்ள மாட்டேன்.

பாட்டு விஷயம் எளிது. 30 விநாடிக்குக் குறைவாக இருந்தால் அனுமதி தேவையில்லை என்று பரவலாக நம்பப்படுகிறது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் அப்படி எந்த விதியும் இல்லை. ஒலிப்பதிவு, இசை, பாடல் வரிகள் மூன்றும் தனித்தனி உரிமைகள். ஒலிப்பதிவுக்கு வெளியான பிறகு 60 ஆண்டுகள் கடந்திருந்தாலும், வரிகளுக்கும் இசைக்கும் அவற்றைப் படைத்தவரின் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும். ஆகவே ‘பழைய பாட்டுதானே’ என்பது பதிலாகாது. ஊரில் உள்ள இசைக் கலைஞர் ஒருவரிடம் புதிதாக ஒரு மெட்டு வாங்கி, உரிமையையும் எழுத்தில் பெற்றுக்கொள்வது செலவிலும் குறைவு, தலைவலியும் இல்லை.

முன்பணத்தைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன், மாற்று ஸ்கிரிப்ட் ஒன்றைக் கடைக்காரரிடம் கொடுத்துப் பாருங்கள். பொடியில் என்னென்ன மூலிகைகள், எப்படி இடித்துச் சலிக்கிறார்கள், கடை எங்கே இருக்கிறது என்பவற்றை வைத்தே 40 விநாடியை நிரப்பலாம். நோயின் பெயர் எங்கும் வர வேண்டாம். தயாரிப்பு உரிமத்தின் நகலையும் கேட்டு வாங்குங்கள். உரிமம் இல்லை என்றாலோ, நோயின் பெயர் வந்தே தீர வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தாலோ, தொகையை வங்கி வழியாகத் திருப்பி அனுப்பி, காரணத்தை ஒரு கடிதமாகவும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.