கொப்புளம் ஆறிய பிறகு நரம்பில் என்ன நடக்கிறது?

கேள்வி: உதட்டோரம் கொப்புளம் வந்து ஆறுகிறது, சில மாதம் கழித்து அதே இடத்தில் மறுபடியும் வருகிறது. மாத்திரையால் வைரஸை அடியோடு ஒழிக்க முடியாதா?

பதில்: முடியாது. ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ் உதட்டிலுள்ள நரம்பு நுனி வழியாக ஏறி, முகத்தின் தொடு உணர்வைச் சுமக்கும் ட்ரைஜெமினல் நரம்பு முடிச்சில் போய்த் தங்குகிறது. அங்கே தன் டிஎன்ஏவைச் செல்லின் கருவுக்குள் வைத்துவிட்டு அடங்கிக் கிடக்கும். வைரஸின் சொந்த நொதி தூண்டினால்தான் அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து வேலை செய்யும். உறங்கும் வைரஸ் அந்த நொதியைத் தயாரிப்பதில்லை. காய்ச்சலோ கடும் வெயிலோ எழுப்பிவிட்டால் வந்த நரம்பு வழியாகவே இறங்குகிறது, அதனால்தான் அதே இடம். குறுகுறுப்பு தொடங்கிய உடனே மாத்திரை போட வேண்டும். பொருக்குத் தட்டிய பிறகு போட்டுப் பயனில்லை.

கேள்வி: அம்மாவுக்கு அக்கி ஆறி நான்கு மாதமாகிறது. தோலில் தழும்பு மட்டும்தான். ஆனால் துணி உரசினாலே துடித்துப்போகிறார். ஏன்?

பதில்: சின்னம்மைக்குப் பிறகு நரம்பு முடிச்சில் ஒளிந்திருந்த வைரஸ்தான் அக்கியாக விழித்தெழுகிறது. அப்போது அங்குள்ள செல்கள் சில மடிகின்றன. பிழைத்தவற்றில் பல, யாரும் தொடாமலே மின் துடிப்புகளை அனுப்பிக்கொண்டிருக்கும். இந்த ஓயாத துடிப்பால் தண்டுவடத்திலுள்ள இணைப்புகளின் கூருணர்வு ஏறிவிடுகிறது. வெறும் தொடுதலும் அங்கே வலியாகப் பதிவாகிறது. தோல் நன்றாக இருந்தும் எரிவது இதனால்தான். அம்மா மிகைப்படுத்தவில்லை.

90 நாளைத் தாண்டிய இந்த வலிக்கு பாராசிட்டமால் பெரிதாக உதவாது. காபாபென்டின், ப்ரீகாபாலின் இரண்டும் நரம்பு நுனியில் கால்சியம் நுழைவதைக் குறைத்து, வலிச் செய்தியைக் கடத்தும் வேதிப்பொருள் கொட்டுவதைத் தணிக்கின்றன. காபாபென்டினை வழக்கமாக இரவில் 300 மில்லிகிராமில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுவார்கள். சிறுநீரகம் பலவீனமானால் அளவு குறையும். மூன்று நாளில் கேட்கவில்லை என்று விடுவதுதான் பலர் செய்யும் தவறு. தலைசுற்றி விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், திடீரென்று நிறுத்தாதீர்கள். வைரஸ் எதிர்ப்பு மாத்திரை இப்போது தேவையில்லை. கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டிய மருந்து அது.

கேள்வி: ஹெர்பிஸ் மூளை அழற்சியிலிருந்து தேறி வீடு திரும்பிய அண்ணன், ஐந்தாவது வாரத்தில் தூக்கமின்றி, சம்பந்தமில்லாமல் பேசுகிறார். வைரஸ் திரும்பிவிட்டதா?

பதில்: இன்றே நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். வைரஸ் திரும்பியிருக்கலாம், ஆனால் உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளையின் இணைப்புகளைத் தாக்கிக்கொண்டும் இருக்கலாம். மூளைச் செல்கள் அழியும்போது வெளிப்படும் புரதங்களைக் கண்டு உடல் எதிர்ப்பொருள் தயாரிக்கிறது என்று கருதப்படுகிறது. அந்த எதிர்ப்பொருள் சினாப்ஸில், அதாவது நரம்புச் செல்கள் செய்தி கடத்தும் இணைப்பில், உள்ள என்எம்டிஏ ஏற்பிகளைப் பிணைத்துச் செல்லுக்குள் இழுத்துவிடுகிறது. நினைவுக்கும் நடத்தைக்கும் ஆதாரமான ஏற்பிகள் அவை. செல் உயிரோடுதான் இருக்கும், செய்தியை வாங்கும் வாசல்தான் குறைந்துபோகும். எதிர்ப்பொருள் நீங்கினால் ஏற்பிகள் மறுபடி மேற்பரப்புக்கு வரும். அதனால்தான் இதைத் தவறவிடக் கூடாது என்கிறோம்.

மூளைத் தண்டுவடத் திரவத்தில் வைரஸின் டிஎன்ஏவைத் தேடும் பிசிஆர் சோதனை, என்எம்டிஏ எதிர்ப்பொருள் சோதனை இரண்டையும் கேளுங்கள். எதிர்ப்பொருள்தான் காரணமென்றால் ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின், பிளாஸ்மா மாற்றம் என்று சிகிச்சை போகும். வைரஸ்தான் என்றால் மறுபடி அசைக்ளோவிர்: பெரியவர்களுக்குக் கிலோவுக்கு 10 மில்லிகிராம், 8 மணி நேரத்துக்கு ஒருமுறை, 14 முதல் 21 நாள். ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரமாவது எடுத்துச் சிரை வழியே மெதுவாக ஏற்ற வேண்டும். உடலில் நீர் குறைந்திருந்தால் மருந்து சிறுநீரகத்தில் படிகமாகித் தேங்கிவிடும் என்பதால் மருத்துவமனையில் இருக்கும்போதே சிறுநீர் அளவைக் குறித்து வாருங்கள்.