‘உங்களுக்கு என்ன பிடிக்கும்?’ என்று கேட்டால் எவ்வளவு சொல்லலாம்?

கேள்வி: லண்டனில் தனியாக இருக்கிறேன். ஒரு சந்தாத் தளத்தில், வயது வந்தோருக்கான வீடியோ போடும் ஒரு பெண்ணுக்கு மாதம் 9 பவுண்டு கட்டி வருகிறேன். போன வாரம் ‘ரசிகர்களின் கருத்து எனக்கு முக்கியம்’ என்று ஒரு படிவம் வந்தது. எந்த வீடியோ பிடித்தது, எது பிடிக்கவில்லை, அடுத்து என்ன வேண்டும் என்று இருபது கேள்விகள். கடைசியில் வயது, ஊர், மின்னஞ்சல், திருமணம் ஆகிவிட்டதா என்றும் கேட்கிறார்கள். நிரப்பினால் ஒரு வீடியோ இலவசமாம். நிரப்பலாமா? இதைக் கேட்கவே கூச்சமாக இருக்கிறது.
(பெயர் வேண்டாம், ஈஸ்ட் ஹாம்)

பதில்: கூச்சத்தை விடுங்கள். வாஷிங் மெஷின் வாங்கி ஏமாந்தவரும் காசு கொடுத்தவர்தான், நீங்களும் காசு கொடுத்தவர்தான்.

அந்தப் படிவத்தில் இரண்டு வகைக் கேள்விகள் கலந்து கிடக்கின்றன: சரக்கைப் பற்றியவை, உங்களைப் பற்றியவை. சரக்கைப் பற்றித் தாராளமாகச் சொல்லுங்கள். சத்தம் சரியில்லை, தலைப்பில் ஒன்று உள்ளே வேறொன்று, இருபது நிமிடம் என்று போட்டு ஆறு நிமிடத்தில் முடித்துவிட்டார்கள் என்பதெல்லாம் நியாயமான கருத்துகள். அதில் காசு சம்பந்தப்பட்ட புகார் இருந்தால் படிவத்தில் எழுதி வீணாக்க வேண்டாம். பிரிட்டனின் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, காசு கொடுத்து வாங்கும் டிஜிட்டல் சரக்கு விளம்பரத்தில் சொன்னபடி இருக்க வேண்டும். இல்லையென்றால் சரிசெய்து தர வேண்டும், அல்லது மாற்றித் தர வேண்டும். அதுவும் முடியாவிட்டால் விலையைக் குறைக்க வேண்டும். எந்த வகை வீடியோ என்று சட்டம் பார்ப்பதில்லை. விளம்பர வாசகத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தேதி போட்டு, தளத்தின் வாடிக்கையாளர் சேவைக்கே அனுப்புங்கள்.

உங்களைப் பற்றிய கேள்விகளில்தான் எனக்குத் தயக்கம். தையல்காரர் அளவெடுப்பார், சட்டை தைத்துத் தருவார், நோட்டு அவரிடமே இருக்கும். இங்கேயும் அப்படித்தான். நீங்கள் ‘இது பிடிக்கும்’ என்று எழுதியதை வைத்துத்தான், பூட்டிய வீடியோ ஒன்று உங்கள் இன்பாக்ஸுக்கு ‘உங்களுக்காகவே எடுத்தேன்’ என்று வரும். திறக்க 25 பவுண்டு. எதைக் காட்டினால் உங்களிடமிருந்து காசு வரும் என்று அவர்களுக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. இலவச வீடியோ அந்த அளவெடுப்புக்கான கூலி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படிப்பது அந்தப் பெண்ணேதானா என்பதும் நிச்சயமில்லை. இந்தத் தொழிலில் ‘சாட்டர்’ என்று ஒரு வேலை இருக்கிறது. ஏஜென்சி ஒன்று பல படைப்பாளிகளின் கணக்குகளை எடுத்து நடத்தும். அவர்கள் பெயரில் ரசிகர்களோடு கொஞ்சிப் பேசுவதற்கு ஷிஃப்ட் போட்டு ஆள் வைத்திருக்கும். இதைப் பற்றி 2022இலேயே அமெரிக்கப் பத்திரிகைகள் விரிவாக எழுதின. 2024இல் கலிஃபோர்னியாவில் சந்தாதாரர்கள் சிலர், ‘அவரோடு பேசுகிறோம் என்று நம்பித்தான் காசு கொடுத்தோம்’ என்று வழக்கே போட்டார்கள். உங்கள் பெண் தானே உட்கார்ந்து படிப்பவராகவும் இருக்கலாம். ஆனால் மனசைத் திறந்து எழுதுவதற்கு முன்னால், அந்தப் பக்கம் யாரோ ஒரு பையன் ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் இதைப் படிக்கிறான் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். எழுதும் வேகம் தானாகக் குறையும்.

இன்னொன்று. ஒருவருடைய பாலியல் வாழ்க்கை பற்றிய தகவலை, மதம், உடல்நலம் போலவே தனிப் பாதுகாப்பு தேவைப்படும் தகவலாகப் பிரிட்டனின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வைத்திருக்கிறது. பெயரோ மின்னஞ்சலோ சேர்த்து அதைத் திரட்டுகிறவர், பொதுவாக உங்கள் வெளிப்படையான சம்மதத்தைக் கேட்டு வாங்க வேண்டும். ‘இந்தப் படிவத்தை அனுப்பினால் சம்மதித்ததாக அர்த்தம்’ என்று அடியில் பொடி எழுத்தில் போட்டால் போதாது.

திருமணம் ஆகிவிட்டதா என்று எதற்குக் கேட்கிறார்கள்? அதைப் படித்ததும் எனக்கு ஆஷ்லி மேடிசன்தான் ஞாபகம் வந்தது. திருமணமானவர்கள் ரகசியத் துணை தேடுவதற்கென்றே நடந்த டொராண்டோ தளம் அது. 2015இல் அதை ஹேக் செய்து, சுமார் 3.6 கோடிக் கணக்குகளின் விவரத்தை வெளியே கொட்டினார்கள். அதைவிட எரிச்சலான சங்கதி, ‘முழுசாக அழித்துவிடுகிறோம்’ என்று 19 டாலர் கட்டணம் வாங்கியிருந்தார்கள். அப்படிக் காசு கட்டியவர்களின் தகவலையும் 12 மாதம் வரை வைத்திருந்ததாக அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது. ஆசைகாட்டிய பெண் கணக்குகளில் பல போலி என்பதும் அதே புகாரில் இருந்தது. 2016 டிசம்பரில் 16 லட்சம் டாலர் கட்டி சமரசம் செய்துகொண்டார்கள். காசு கொடுத்தும் அழியாத தகவல், ஓசி வீடியோவுக்காகக் கொடுத்தால் மட்டும் அழிந்துவிடுமா?

சரி, என்ன செய்யலாம்? தளத்துக்குள்ளேயே வாக்கெடுப்பு வைத்தால் போடுங்கள், அங்கே உங்கள் புனைபெயர் மட்டும்தான் போகும். வெளிப் படிவம் என்றால் முதலில் மேலே பாருங்கள். உங்கள் கூகுள் கணக்கைத் தானாகப் பிடித்து மின்னஞ்சலைச் சேர்த்துக்கொள்ளும் படிவங்கள் உண்டு. ஊர், மின்னஞ்சல், திருமணம் மூன்றையும் காலியாக விடுங்கள். விட்டால் படிவம் போகாது என்றால், போகாமலே இருக்கட்டும். ஏற்கெனவே நிரப்பிவிட்டீர்களா? ‘என் தகவலை அழியுங்கள்’ என்று எழுத்தில் கேளுங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் என்பது சட்டம்.

கேள்வி: மேலே சொன்ன தொழிலில் மறுபக்கம் நான். ‘ஐந்து நட்சத்திரம் போட்டுக் கருத்து எழுதினால் ஒரு மாதச் சந்தா இலவசம்’ என்று ரசிகர்களுக்கு அறிவித்தேன். தோழி தப்பு என்கிறாள்.
(லெஸ்டர்)

பதில்: தோழி சொல்வதைக் கேளுங்கள். போலி விமர்சனங்களையும், பரிசு வாங்கிக்கொண்டு அதை மறைத்து எழுதும் விமர்சனங்களையும் பிரிட்டன் 2025 ஏப்ரல் 6 முதல் தடை செய்திருக்கிறது. கண்காணிப்பு அமைப்பு நீதிமன்றம் போகாமலே அபராதம் போடலாம், உச்சவரம்பு 3 லட்சம் பவுண்டு அல்லது உலக வருமானத்தில் 10 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அது. நட்சத்திரத்தை விலைக்கு வாங்காதீர்கள். ‘கருத்துச் சொல்லுங்கள், திட்டினாலும் சரி, ஒரு வீடியோ தருகிறேன்’ என்று நேரடியாகக் கேளுங்கள். அதையும் உங்களுக்கு மட்டும் வரும் கருத்தாக வைத்துக்கொள்ளுங்கள். எங்காவது வெளியிட்டால், பரிசு கொடுத்து வாங்கியது என்பதையும் கூடவே போட வேண்டும்.

என்னைக் கேட்டால், சந்தாவை நிறுத்தியவர்களிடம் கேட்கும் ஒரே ஒரு கேள்வி போதும்: ‘ஏன் நிறுத்தினீர்கள்?’ இருக்கிறவர்கள் உங்கள் மனம் நோகக் கூடாது என்று இனிப்பாகத்தான் எழுதுவார்கள். போனவர்கள்தான் விலை அதிகம், வாரம் ஒன்று என்று சொல்லி மாதம் ஒன்றுதான் வருகிறது, விளக்கு வெளிச்சம் போதவில்லை என்று உண்மையைச் சொல்வார்கள். ரசிகர் பட்டியலைக் கணினியில் வைத்துக்கொள்கிறீர்கள் என்றால் அந்தத் தகவலுக்கு நீங்களும் பொறுப்பு. தகவல் ஆணையர் அலுவலகத்துக்கு ஆண்டுக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கலாம், சிறு தொழில் என்றால் 52 பவுண்டு. மின்னஞ்சலே வாங்காமல் கேட்டால் பாதித் தலைவலி இல்லை.

கேள்வி: டெலிகிராமில் ஒரு ‘ரசிகர் குழு’. பிடித்த காட்சியின் துண்டை அனுப்பி ‘இந்த மாதிரி வேண்டும்’ என்று சொல்லச் சொல்கிறார்கள். நன்றாகக் கருத்துச் சொல்பவருக்கு வீடியோ கால் உண்டாம்.
(மதுரை)

பதில்: அனுப்பாதீர்கள். பெரியவர்கள் நடித்ததை ஒருவர் தன் அறையில் தனியாகப் பார்ப்பது வேறு, அதை இன்னொருவருக்கு அனுப்புவது வேறு. இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஏ பிரிவு, அப்பட்டமான பாலியல் காட்சிகளை மின்வழியில் வெளியிடுவதையும் அனுப்புவதையும் குற்றமாக்குகிறது. முதல் முறைக்கே 5 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். ‘கருத்துக்காக அனுப்பினேன்’ என்பது அங்கே எடுபடாது. குழந்தைகள் சம்பந்தப்பட்டதென்றால் தேடுவதும் பார்ப்பதுமே குற்றம், 67பி.

அப்புறம் அந்த வீடியோ கால். பரிசு என்று சொல்லி அழைப்பார்கள், உங்கள் முகத்தைப் பதிவு செய்வார்கள், பத்தாவது நிமிடம் ‘மாமனாருக்கு அனுப்பவா?’ என்று மெசேஜ் வரும். ஏற்கெனவே அகப்பட்டுவிட்டால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம், கொடுத்தால் அடுத்த வாரம் மறுபடி கேட்பார்கள். உரையாடலை அழிக்காமல் வைத்துக்கொண்டு, சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு போன் செய்யுங்கள்.

கேள்வி: சந்தா கட்டிய அன்றே பிடிக்கவில்லை. 14 நாளில் காசு திரும்பக் கிடைக்குமாமே?
(பர்மிங்ஹாம்)

பதில்: கட்டும்போது ‘உடனே பார்க்க விரும்புகிறேன், ரத்து உரிமை போய்விடும் என்று தெரியும்’ என்ற கட்டத்தில் டிக் போட்டிருப்பீர்கள். போட்டுப் பார்த்தும் விட்டால் பிடிக்கவில்லை என்பதற்காகத் திரும்பாது. அந்தக் கட்டமே வரவில்லை என்றால் கேளுங்கள், வாங்கிவிடலாம்.