டைட்டானிக்கின் நீராவிச் சங்கொலியைக் கணினியில் மறுபடி உருவாக்குவது எப்படி?

ஏதோ ஒரு ஒலிப்பதிவை எடுத்துச் சுருதியைக் கூட்டிக் குறைக்கும் வழி வேண்டாம். சங்கையே கணக்காக எழுதி ஊதவைப்பதுதான் சரி. அந்தச் சங்கு 1999 பிப்ரவரியில் அமெரிக்காவின் செயின்ட் பால் நகரில் ஊதப்பட்ட பதிவு கிடைக்கிறது. அதை ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

முன்னால் இருந்த இரண்டு புகைபோக்கிகளிலும் தலா ஒரு சங்குத் தொகுதி. ஒவ்வொன்றிலும் 9, 12, 15 அங்குல விட்டத்தில் மூன்று மணிகள் (ஒரு முனை மூடிய, மணி வடிவ அறைகள்). மூன்றுக்கும் ஒரே நீராவிக் குழாயிலிருந்து கிளைகள். வளையமான பிளவு வழியே சீறும் நீராவி மணியின் விளிம்பில் மோத, உள்ளே அடைபட்டிருக்கும் வாயு (காற்றோ நீராவியோ) அதிர்கிறது. விட்டத்தை வைத்துச் சுருதியைக் கணிக்கக் கூடாது. சுருதியைத் தீர்மானிப்பது மணியின் உள்நீளமும், அதோடு சேரும் வாய்த் திருத்தமும்தான் (திறந்த வாய்க்கு வெளியேயும் அலை சற்று நீள்வதற்காகக் கூட்டும் சிறு நீளம்).

பலரும் சறுக்குவது ஒலியின் வேகத்தில். 20 டிகிரி காற்றில் அது நொடிக்கு 343 மீட்டர்; 100 டிகிரி நீராவியில் சுமார் 473. இவ்விரண்டும் சேர்ந்த பயனுறு நீளம் 0.8 மீட்டர் என்று வைத்தால் (வேகத்தை நீளத்தின் நான்கு மடங்கால் வகுக்க) நீராவியில் 148 ஹெர்ட்ஸ், காற்றில் 107. ஏறக்குறைய ஐந்தரை அரைச்சுரம் வித்தியாசம்! அழுத்தக் காற்றில் ஊதிய பதிவை அப்படியே நம்பினால் கப்பலின் குரலே மாறிவிடும்.

மணி ஒவ்வொன்றுக்கும் ஒரு தாமதக் கோடு போடுங்கள் (உள்ளே வரும் ஒலியைச் சற்று நேரம் வைத்திருந்து வெளியே விடும் நினைவகம்). நொடிக்கு 48,000 ஒலி மாதிரிகள் என்ற வீதத்தில் மேலே சொன்ன நீளத்துக்கு 162.4 மாதிரிகள் வரும். சுற்றி வரும் அலையைக் குறி மாற்றி, மென்மையான தாழ்வடிகட்டி (உயர் அதிர்வெண்களைக் குறைப்பது) வழியே திருப்பி அனுப்பினால் ஒற்றைப்படை ஒத்திசைகள் (அடிச்சுரத்தின் 3, 5, 7 மடங்கு அதிர்வெண்கள்) தாமாக வந்துவிடும். ஊதும் பகுதிக்கு அழுத்தம், கொஞ்சம் இரைச்சல், தனியாக ஒரு சிறு தாமதம், பிறகு டான்எச் (tanh) மாதிரி, பெரிய மதிப்புகளை மழுக்கும் ஒரு வளைவுச் சார்பு. சிறு தாமதத்தை மெல்ல நகர்த்தி, அடிச்சுரம் நிலைத்து நிற்கும் இடத்தில் விடுங்கள். ரொம்பக் குறைத்தால் மூன்று மடங்கு அதிர்வெண்ணுக்குத் தாவிவிடும்.

உயிர் இருப்பது ஊதத் தொடங்கும் கணத்தில். அப்போது மணிக்குள் இருப்பது குளிர்ந்த காற்று. நீராவி நிறைய நிறையச் சுருதி ஏறும். தாமதத்தை 224 மாதிரியில் தொடங்கி 162.4-க்கு ஓரிரு நொடியில் இறக்குங்கள். 15 அங்குல மணி சூடேறக் கூடுதல் நேரம் எடுக்கும் என்பதால் அதைச் சற்றுப் பின்னால் வரவிடுங்கள்; மூன்று சுரமும் ஒவ்வொன்றாக வந்து பொருந்துவது காதுக்கே தெரியும். இறக்கும்போது முழு எண்களில் தாவினால் ‘டிக் டிக்’ என்று கேட்கும், இடைச்செருகல் (இரு மாதிரிகளுக்கு இடைப்பட்ட மதிப்பைக் கணிப்பது) கட்டாயம். புகைபோக்கி உயரத்துக்கு ஏறும் குழாயில் நீராவி குளிர்ந்து தண்ணீராகத் தங்கும். அந்தக் கொப்பளிப்புக்கு முதல் அரை நொடி, 15 முதல் 30 ஹெர்ட்ஸ் வரையான ஒழுங்கற்ற வீச்சாட்டம் (ஒலியளவு ஏறி இறங்குவது) போதும்.

இரண்டு தொகுதிகளும் சேர்ந்து ஊதுவதாக வைத்தால் இரண்டின் சுருதிக்கும் இடையே அரை ஹெர்ட்ஸ் விலகல் கொடுங்கள், துடிப்பு (ஒலி மெல்லக் கூடிக் குறைவது) தானே வரும். மூடுபனியில், கப்பலின் கட்டளை மேடையில் (பிரிட்ஜ்) இருந்த மின் நேரக்கருவி நிமிடத்துக்கு ஒருமுறை 8 முதல் 10 நொடி ஊதவைக்கும். அந்தத் தொடரை உருவாக்கும்போது இரண்டாவது ஊதலிலிருந்து கொப்பளிப்பையும் சுருதி ஏற்றத்தையும் குறைத்துவிடுங்கள். குழாய் அதற்குள் சூடாகியிருக்கும்.