கட்டணம் இல்லையாம், காசு மட்டும் குறையுதாம்!

ஓணத்தில் தொடங்கி கிறிஸ்துமஸ் முடியும்வரை, வெளிநாட்டில் இருக்கும் நம்மவர் போன் ஓயாது. இந்த முறை கடிதங்கள் முழுக்க அவர்களைக் குறிவைக்கும் பண்டிகை ஆஃபர் விளம்பரங்களைப் பற்றித்தான்.

கே: மெல்போர்னில் இருக்கும் மகனுக்கு ‘தீபாவளி ஸ்பெஷல் பெட்டி’யில் முந்திரிக்கொத்து, முறுக்கு, பால்கோவா, தோவாளைப் பிச்சிப்பூ அனுப்ப ஆசை. எடை 4 கிலோதான். கூரியரில் 7 கிலோவுக்குக் காசு கேட்கிறார்கள். (மார்த்தாண்டம்)

ப: பெட்டியை அளந்து பாருங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பார்கள். 40×30×30 பெட்டி என்றால் 7.2 கிலோ. முறுக்குக்கு எடை இல்லை, இடம்தான் அடைக்கும். சின்னப் பெட்டியில் நெருக்கி அடுக்குங்கள். பூவையும் பால்கோவாவையும் எடுத்து வெளியே வையுங்கள். ஆஸ்திரேலியாவில் பால் இனிப்பைப் பிடித்து அழித்துவிடுவார்கள். மற்றதை உள்ளபடி எழுதிக் கொடுங்கள். ‘கிஃப்ட்’ என்று மட்டும் எழுதினால் முழுப் பெட்டியும் மாட்டும்.

கே: வீட்டுக்காரர் ரியாத்தில். கிறிஸ்துமஸ் ஆஃபர், கட்டணமே இல்லை என்று ஒரு செயலியில் 3,000 ரியால் அனுப்பினார். அதே நாளில் 15 ரியால் கட்டணம் கொடுத்து அனுப்பிய அவருடைய கூட்டாளி வீட்டுக்கு அதிகம் வந்திருக்கிறது. எப்படி? (குளச்சல்)

ப: கட்டணத்தை ரேட்டில் எடுத்துவிட்டார்கள், அம்மா. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. இன்னொரு தடவை சொல்கிறேன். சவுதி ரியால் டாலரோடு கட்டிப்போட்ட நாணயம்: 1 டாலருக்கு 3.75 ரியால். அன்றைய டாலர் விலையை 3.75-ஆல் வகுத்தால் ரியாலின் உண்மை விலை தெரிந்துவிடும். டாலர் 90 ரூபாய் என்று வையுங்கள், ரியால் 24. செயலி 23.60 கொடுத்தால் ரியாலுக்கு 40 காசு போச்சு, 3,000 ரியாலுக்கு 1,200 ரூபாய். கூட்டாளிக்கு 23.90 கிடைத்திருந்தால் ரேட்டில் 300, கட்டணத்தில் 360, ஆக 660 ரூபாயோடு முடிந்தது. துபாய்க்காரர்கள் திர்ஹத்தின் விலைக்கு 3.6725-ஆல் வகுக்கட்டும்.

அப்படியே நல்ல ரேட் தந்தாலும் பெரும்பாலும் முதல் தடவைக்கு மட்டும், அதுவும் ஒரு தொகை வரைக்கும். அடுத்த மாதம் பழக்கத்தில் அதே செயலியைத்தானே திறப்போம், தூண்டில் அதற்குத்தான். தங்கக்காசுக் குலுக்கல், ஓணத்து மாவேலி மன்னர் படம், கிறிஸ்துமஸ் தாத்தா எல்லாம் கண்ணை ரேட்டிலிருந்து திருப்புவதற்கு. வீட்டுக்காரரைக் கேட்கச் சொல்லுங்கள்: “என் கையிலிருந்து மொத்தம் இத்தனை ரியால் போனால், ஊரில் எத்தனை ரூபாய் விழும்?” இரண்டு இடத்தில், ஒரே நேரத்தில் கேட்க வேண்டும். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று கேட்டால் ஒப்பிட முடியாது.

கே: ஃபேஸ்புக்கில் பழகிய லண்டன் நண்பர் அனுப்பிய கிறிஸ்துமஸ் பரிசு கஸ்டம்ஸில் நிற்கிறதாம். 18,000 ரூபாய் கட்டவா? (தக்கலை)

ப: பரிசும் இல்லை, நண்பரும் இல்லை. ஏற்கெனவே கட்டியிருந்தால் இப்போதே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள்.

கே: டொராண்டோவில் இருக்கும் தங்கை, நம்மூர்க் கோயில் திருவிழாவுக்குச் சிறப்பு அர்ச்சனை என்று ஒரு தளத்தில் டாலரில் பணம் கட்டினாள். வந்தது ஒரு குங்குமப் பொட்டலம். கோயிலில் கேட்டால் அப்படி யாரையும் தெரியாது என்கிறார்கள். (நாகர்கோவில்)

ப: தங்கைமேல் ஒரு குற்றமும் இல்லை. பக்தியோடு ஏமாந்தவரைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. 2024 ஜனவரியில் ‘அயோத்தி ராமர் கோயில் பிரசாதம்’ என்று இனிப்பு விற்கப்பட்டதற்காக அமேசானுக்கே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. தங்கை தன் கார்டு வங்கியில் ‘சேவை கிடைக்கவில்லை’ என்று உடனே தகராறு பதியட்டும். நாள் தள்ளினால் வங்கி கையை விரிக்கும். விளம்பரப் பக்கத்தையும் பணம் கட்டிய ரசீதையும் படம் பிடித்து வையுங்கள். இங்கிருந்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் நீங்கள் புகார் சொல்லலாம். அடுத்த முறை கோயில் சீட்டு எண் கேளுங்கள். கோயில் கவுன்டரில் போட்ட அர்ச்சனைக்குச் சீட்டு இருக்கும்.

கே: நியூஜெர்சியில் பேத்திக்கு அரங்கேற்றம். நவராத்திரிக் கண்காட்சியில் ‘ஒரிஜினல் வடசேரி டெம்பிள் நகை’ வாங்கினேன். கறுக்கிறது. பில் இல்லை. (சுசீந்திரம்)

ப: பில் இல்லாமல் எதை வைத்துப் பேச? வடசேரி முறை என்றால் வெள்ளியில் செய்து, தங்கத் தகடு ஒட்டி, கெம்புக் கல் பதிப்பது. புவிசார் குறியீடு பெற்ற வேலை. உங்களுடையது முலாம் பூசிய செம்பாக இருக்கும். என்னிடமும் அப்படி ஒரு நெற்றிச்சுட்டி கிடக்கிறது, பச்சை பூத்து. பில்லில் ‘வெள்ளி’ என்ற சொல்லும் கிராம் எடையும் இல்லாமல் காசை எடுக்காதீர்கள்.

கே: தோஹாவில் இருக்கும் அண்ணனுக்கு, ஓணம் ஆஃபரில் 25 சென்ட் ரப்பர் தோட்டம் அவர் பெயரிலேயே முடித்துத் தருவதாக ஒரு புரோக்கர் சொல்கிறார். (அருமனை)

ப: முடிக்க முடியாது. அன்னியச் செலாவணிச் சட்டப்படி வெளிநாடுவாழ் இந்தியர் விளைநிலம், தோட்டம், பண்ணை வீடு விலைக்கு வாங்கக் கூடாது. அப்பா சொத்தில் பங்காக வந்தால் வைத்துக்கொள்ளலாம். வீடு, மனை, கடை வாங்கலாம். “அப்படியென்றால் மனையாகவே பிரித்துத் தருகிறேன்” என்று புரோக்கர் அடுத்துச் சொல்வார். 500 சதுர மீட்டரை, அதாவது ஏறக்குறைய 12 சென்டைத் தாண்டி மனை பிரித்தால் பொதுவாக ரெரா (வீடு-மனை ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் வேண்டும். எண்ணைக் கேட்டு வாங்கி, தளத்தில் நீங்களே பாருங்கள். ஒப்பந்தம் பதியாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் கேட்டால் அவரைத் திருப்பி அனுப்புங்கள்.