தாத்தாவின் மின்சாரக் கம்பெனிப் பங்கு: இப்போது பணம் வருமா?

கேள்வி: தாத்தாவின் காகிதங்களுக்கு நடுவே 1928-ம் ஆண்டுத் தேதியிட்ட பங்குப் பத்திரம் ஒன்று கிடைத்தது. பிரிட்டனில் ஒரு நகரத்துக்கு மின்சாரம் கொடுத்த கம்பெனி. இன்று அந்தப் பெயரில் கம்பெனி இல்லை; அதே நகரத்தில் வேறொரு தனியார் நிறுவனம் விநியோகம் செய்கிறது. அதில் எங்களுக்குப் பங்கு உண்டா?

பதில்: கிடையாது. கம்பங்களும் கம்பிகளும் கைமாறி அந்த நிறுவனத்திடம் வந்திருக்கலாம். ஆனால் உங்கள் தாத்தாவின் பங்குரிமை 1948-லேயே அறுந்துவிட்டது.

பிரிட்டனின் 1947-ம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி, 1948 ஏப்ரல் 1 அன்று 500-க்கும் மேற்பட்ட கம்பெனிகளும் நகராட்சி மின் அமைப்புகளும் அரசுடைமையாயின. பங்குதாரர்களுக்கு ரொக்கம் தரவில்லை. இழப்பீடாக அரசு உத்தரவாதமுள்ள வட்டிப் பத்திரங்கள் தந்தார்கள். 1990 டிசம்பரில் வட்டார விநியோகக் கம்பெனிகளை அரசு மறுபடி தனியாருக்கு விற்றபோது, அவை புதுப் பங்குகளாகவே விற்கப்பட்டன. பழைய பங்குதாரர் யார் என்று யாரும் தேடவில்லை, தேட வேண்டிய கட்டாயமும் இல்லை.

ஆக, நீங்கள் கேட்க வேண்டிய கேள்வியே வேறு: 1948-ல் தாத்தா அந்த இழப்பீட்டை வாங்கினாரா?

முதலில் பத்திரத்தை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். ஊசித் துளைகள், ஓரம் வெட்டிய தடம், ரத்து முத்திரை இருந்தால் கணக்கு அப்போதே முடிந்துவிட்டது. ஒன்றும் இல்லாவிட்டால் கொஞ்சம் நம்பிக்கை வைக்கலாம், கொஞ்சம்தான். பங்கை எப்போதோ விற்றுவிட்டு, பழைய காகிதத்தை மட்டும் வைத்திருந்தவர்களும் உண்டு. அது பங்கா, கடன் பத்திரமா (கம்பெனிக்குக் கடன் கொடுத்ததற்கான சீட்டு) என்பதையும் பாருங்கள்.

கலைக்கப்பட்ட பல கம்பெனிகளின் கோப்புகள் லண்டனின் கியூ (Kew) பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், பிடி 31 (BT 31) என்ற வரிசையில் இருக்கின்றன. 1948-க்கு முன்பே உங்கள் கம்பெனி வேறொன்றோடு இணைந்ததா என்பது அங்கே தெரியவரலாம். இழப்பீட்டுப் பத்திரம் தாத்தா பெயரில் பதிவானதா என்பதை, பிரிட்டன் அரசுக் கடன் பத்திரங்களின் பதிவாளரான கம்ப்யூட்டர்ஷேரிடம் விசாரியுங்கள். பணம் ஏதாவது நிலுவை இருந்தால் வாரிசுச் சான்றுகள் கேட்பார்கள்.

இதே காகிதம் நியூயார்க்கிலிருந்து வந்திருந்தால் கதையே மாறியிருக்கும். அங்கே 1884-ல் ஆறு எரிவாயுக் கம்பெனிகள் சேர்ந்து கன்சாலிடேட்டட் கேஸ் உருவானது; அதுவே 1936-ல் கன்சாலிடேட்டட் எடிசன் (இன்று நியூயார்க்குக்கு மின்சாரமும் கொடுக்கும் கம்பெனி) என்று பெயர் மாற்றிக்கொண்டது. பெயர் மட்டும் மாறினால் பங்கு செத்துப்போவதில்லை. உரிமையாளர் வராத பங்குகள் மாநில அரசின் உரிமை கோரப்படாத சொத்துக் கணக்குக்குப் போகும், அங்கே தேடலாம். பெயர் மாற்றமா, இணைப்பா, சொத்து விற்பனையா, அரசுடைமையா என்பதைப் பொறுத்துதான் எல்லாமே.

அப்புறம், "மீட்டுத் தருகிறோம், முதலில் கட்டணம் கட்டுங்கள்" என்று மின்னஞ்சல் வந்தால் பதிலே போடாதீர்கள். அசல் பத்திரத்தையும் யாருக்கும் அனுப்ப வேண்டாம். விசாரணைக்கு நகல் போதும். பணம் தேறாவிட்டாலும் பழைய பங்குப் பத்திரங்களைச் சேகரிப்பவர்கள் உண்டு. அச்சு அழகாக இருந்தால் அவர்களிடம் சிறிய தொகைக்கு விற்கலாம்.